பேக் பட்டன் இல்லாத செயலி

கோயம்புத்தூரில் மருத்துவமனைகளுக்குச் செயலி செய்துகொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேணி புதிதாகச் சேர்ந்த வடிவமைப்பாளர். முதலாளி தில்லைநாயகத்துக்குத் தன் யோசனைகள் மேல் அபார மதிப்பு.

"ஒரு திரையிலயும் பேக் பட்டன் இருக்கக்கூடாது. உள்ள வந்தவன் டோக்கன் போடாம வெளிய போகக்கூடாது. முடியலைன்னா ராஜினாமா எழுதிக் குடு" என்றார்.

"பண்ணிடலாம் சார்" என்றாள் வேணி.

மறுவாரம் செயலியின் அறிமுக விழாவில், டாக்டர்கள் கூடியிருந்த அரங்கில் போனை அவரிடமே நீட்டினாள். "முதல் டோக்கனை நீங்களே போடுங்க சார்."

அவர் கம்பீரமாகப் 'பொது மருத்துவம்' என்பதை அழுத்தப் போனார். பருத்த கட்டைவிரல் பக்கத்திலிருந்த 'மகப்பேறு' மீது விழுந்தது. இரண்டையும் அவ்வளவு நெருக்கமாக வைத்தவள் வேணிதான். போனோடு இணைத்திருந்த மேடையின் பெரிய திரையிலும் கேள்வி வந்து நின்றது: 'இது எத்தனையாவது மாதம்?'

அரங்கம் குலுங்கியது. அவர் போனை இப்படியும் அப்படியும் தேய்த்தார். கேள்வி நகரவில்லை.

"பின்னால எப்படிம்மா போறது?"

"போக முடியாது சார். மாசத்தைச் சொன்னா, அடுத்து பிரசவத் தேதி கேக்கும்."

முன்வரிசையிலிருந்த பெண் டாக்டர், "பயப்படாதீங்க சார், நார்மல் டெலிவரிதான்" என்றார்.

தில்லைநாயகம் வேர்த்த முகத்தோடு வேணியின் பக்கம் குனிந்தார்.

"எல்லாத் திரையிலயும் அந்தப் பட்டனைப் போடும்மா. பெரிசாப் போடு."