தோளிலிருந்து மணிக்கட்டு வரை

“மேடம், இந்தச் சீட்டை இன்னும் எத்தனை தடவைதான் திருப்பி அனுப்புவீங்க?”

ஞானதுரைக்குப் பொறுமை போய்விட்டது. இருபது வருசம் ஊர் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துவிட்டு, ஐம்பது வயதில் தோல் வைத்தியம் படிக்க வந்தவர். பாடம் சொல்லும் செண்பகவல்லியோ அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்.

அவள் சீட்டை மறுபடி வாசித்தாள்.

‘பூரணம். வயது நாற்பது. பீடி சுற்றுபவர். தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே கோடாகச் சிவந்த தடிப்பு, அரிப்பு. பிறவிக் கோளாறு. பயமில்லை.’

“பிறக்கும்போதே இருந்துச்சா சார்?”

“இல்ல. ஆறு வருசமா.”

“அப்புறம்?”

“கோடா இருக்கே மேடம். கருவுலயே அந்த வரிசைத் தோல் மட்டும் வேற மாதிரி உருவாகியிருக்கு. நீங்க நடத்தின பாடம்தான். பிறவின்னு எழுதாம வேற என்னத்தை எழுத?”

“புற்றுன்னு சந்தேகம் வரலையா?”

“தோல்ல வர்ற வெள்ளணுப் புற்று கண்ட இடத்துல திட்டுத்திட்டா வரும். ஸ்கேல் வச்சு கோடு போட்டுக்கிட்டா வரும்?”

செண்பகவல்லி பேனாவை மேசையில் போட்டுவிட்டு வெளியே நடந்தாள். வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. ஞானதுரை முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார்.

ஆஸ்பத்திரி மதில் முன்னால் நின்றாள். சுவர் முழுக்க வெள்ளை. கோணலாக ஒரு பட்டையில் மட்டும் பச்சைப் பாசி.

“ஏன் சார் அங்க மட்டும்?”

“இதுக்கா வெயில்ல கூட்டிட்டு வந்தீங்க? கொத்தன் அந்த இடத்துல மட்டும் கலவையை மாத்திப் பூசியிருப்பான். ஈரம் நிக்குது.”

“பூசினது எப்ப?”

“சுவர் கட்டினப்ப.”

“பாசி வந்தது?”

“போன மழையில…”

ஞானதுரை பாசியைத் தொட்டுப் பார்த்தார். “அப்ப கோடு மட்டும்தான் பிறவி; அதுல பின்னால வந்தது புற்றாக்கூட இருக்கலாம்.”

“பூரணம் எங்க சார்?”

“களிம்பு குடுத்து இப்பத்தான் பஸ்ஸுக்கு அனுப்பிட்டேன். இனி வர வேண்டாம்னு.”

ஒரு கால் செருப்பு கழன்றதைக்கூடப் பார்க்காமல் ஓடினார். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. கையால் படபடவென்று தட்டி நிறுத்தினார்.

சன்னலில் பூரணம் எட்டிப் பார்த்தாள்.

“என்ன டாக்டரே, பயப்பட ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னீங்க?”

அவருக்கு மூச்சு வாங்கியது.

“அது சுவரைப் பத்திச் சொன்னதும்மா. இறங்கு.”