வெறுங்குழியும் கணக்குதான்

கழிமுகத்துச் சேற்றில் ஒரே சண்டை! சிலுப்பி என்ற நீர்நாயும் நெட்டையன் என்ற கொக்கும் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. எல்லாம் சேற்றுக்குள் வாழும் மட்டிச் சிப்பிக்காக.

மழைக்காலம் முடிந்ததும் சேறு முழுக்கச் சம இடைவெளியில் குழி தோண்டிப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். ஒரு குழிக்குச் சராசரி எத்தனை மட்டி என்று பார்த்து, சேறு முழுக்க எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போடுவார்கள். மட்டி நிறைய இருந்தால் எல்லோரும் தின்னலாம். குறைந்திருந்தால் அந்த வருஷம் யாரும் தொடக்கூடாது. அது பெருகட்டும் என்று விட்டுவிடுவார்கள்.

இந்தத் தடவை பல குழிகளில் ஒன்றுமே இல்லை. சில குழிகளிலோ கொத்துக் கொத்தாக மட்டி!

"வெறுங்குழியில எண்ண என்ன இருக்கு? மட்டி கிடைச்ச குழியை மட்டும் வச்சுக் கணக்குப் போடு. சேறு முழுக்க ஏராளம்!" என்றது சிலுப்பி.

"ஐயோ அக்கா! வெறுங்குழியையும் சேர்த்துப் பாரு. கொஞ்சந்தான் மிச்சம். இப்போ தின்னா அடியோட அழிஞ்சிரும்!" என்றது நெட்டையன்.

கரையில் வேடிக்கை பார்த்த ஒரு நரி நாக்கைச் சப்புக்கொட்டியது. "அக்கா கணக்குதான் சரி! வாங்க, சாப்பிடலாம்!"

சிலுப்பிக்கு வீட்டில் பால்குடி மறக்காத குட்டிகள். மட்டி இல்லையென்றால் அலையடிக்கும் பாறைக்கு நீந்திப் போய்த்தான் இரை தேட வேண்டும். உடனே தலையாட்டியிருக்கலாம். ஆனால் அது என்ன சொன்னது தெரியுமா?

"பொறு நரி. எனக்கும் அந்த விடைதான் பிடிச்சிருக்கு. அதான் சந்தேகமா இருக்கு!"

அடடா, என்ன புத்தி பாருங்கள்!

சிலுப்பி பக்கத்தில் இருந்த ஆமையைக் கூப்பிட்டது. "ஆமையண்ணே, அந்தப் பக்கத்துச் சேத்துல காலி ஓடுகளைக் கொத்துக் கொத்தாப் புதைச்சு வை. எத்தனைன்னு உனக்கு மட்டும் தெரியட்டும். நாங்க தோண்டிப் பார்த்துச் சொல்றோம்."

ஆமை புதைத்தது. கொக்கும் சிலுப்பியும் ஒரே குழிகளைத்தான் பார்த்தன, ஒரே ஓடுகளைத்தான் எண்ணின. ஆனால் வெறுங்குழியையும் சேர்த்த கொக்கின் கணக்கில் தொண்ணூறு ஓடு வந்தது. வெறுங்குழியை விட்ட சிலுப்பியின் கணக்கில் முந்நூறு!

"நான் புதைச்சது நூறு" என்றது ஆமை.

"ஆமைக்கு எண்ணத் தெரியாது!" என்று நரி குதித்தது.

"சும்மா இரு! அண்ணன் சரியாத்தான் எண்ணிருக்கு. தப்பு என் கணக்குல. தம்பி, உன் கணக்கையே எடுத்துக்குவோம். இந்த வருஷம் யாரும் மட்டியைத் தொடவேண்டாம்" என்றது சிலுப்பி. சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தது. குட்டிகளின் ஞாபகம்தான், வேறென்ன?

அந்த வருஷம் முழுக்கச் சிலுப்பி பாறைக்கு நீந்தியது. அலை அடித்து உடம்பெல்லாம் சிராய்ப்பு. கொக்குக்கு மனசு கேட்கவில்லை. சிலுப்பி திரும்பும்வரை குட்டிகளுக்குக் காவல் நின்றது.

மறுவருஷம் மறுபடி தோண்டினார்கள். வெறுங்குழி ஒன்றாவது இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது! கொழுத்த குட்டிகளோடு சிலுப்பிதான் முதல் மட்டியைத் தின்றது. நரி ஏழாவது ஆளாக வரிசையில் நின்றது.

நீதி: நமக்குப் பிடித்த விடையைத் தரும் கணக்கை விட்டு, உண்மை தெரிந்த இடத்தில் சோதித்துத் தேறிய கணக்கையே நம்ப வேண்டும்.