உலகம் அழியாத குற்றம்

உலகம் அழியாமல் போனதால் ஒரு நாடே தவித்த கதை இது. ஆலங்கரை நாட்டில் நடந்தது.

அங்கே அண்டப்பர் என்று ஒரு அரண்மனைச் சோதிடர். ஆவணி அமாவாசையன்று பெருவெள்ளம் வந்து உலகமே முழுகிவிடும் என்று கணித்துச் சொன்னார். அரசர் குமரவீரர் கதிகலங்கிப் போனார். உடனே ஊர் ஊராகத் தண்டோரா போடச் சொல்லிவிட்டார். இந்தக் கூத்து நடந்தபோது, அரசவையின் விகடன் இடும்பன் மாமனார் ஊரில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இருந்திருந்தால் குறுக்கே ஏதாவது சொல்லியிருப்பான்.

அமாவாசை வந்தது. வெள்ளம் வரவில்லை. தூறல்கூட இல்லை. மறுநாள் காலையில் சூரியன் வழக்கம்போல வந்து, வழக்கம்போலச் சுட்டது.

அதன் பிறகுதான் வினையே ஆரம்பித்தது. புரட்டாசி பிறந்தும் ஆலங்கரையில் யாரும் விதைநெல் தூவி நாற்றுப் பாவவில்லை. அரசருக்குக் கோபம் தலைக்கேறியது. விதைக்காத நிலமெல்லாம் அரண்மனைக்குச் சொந்தம் என்று ஆணை போட்டுவிட்டார்.

இடும்பன் ஊர் திரும்பிய அன்று, பேச்சி என்ற உழவர் வீட்டுப் பெண் அரசவையில் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய வயலைத்தான் முதலில் பறிக்கப் போகிறார்கள்.

"விதைநெல்லை என்ன செய்தாய்?" என்று அதட்டினார் அரசர்.

"குத்திச் சோறாக்கிட்டேன் மகாராசா. சாகப் போற பிள்ளைங்க, வயிறு நிறையத் தின்னுட்டுப் போகட்டுமேன்னு தெருவுக்கே பாயசம் வச்சேன். உழவு மாடு கட்டுத்தறியில கெடந்து முழுகிச் சாக வேண்டாமேன்னு அதையும் அவுத்து விட்டுட்டோம். இன்னைக்கு வரைக்கும் திரும்பி வரல."

சிரிக்க வைத்தே சம்பளம் வாங்குகிற இடும்பனுக்கு அன்று ஒரு சிரிப்பும் வரவில்லை.

"விதைநெல்லைத் தின்னச் சொல்லி நானா சொன்னேன்?" என்று கையை விரித்தார் அண்டப்பர். "உலகம் அழியும் என்றுதான் சொன்னேன். நான் மட்டும் இரவு பகலாகப் பூசை செய்து தடுக்காமல் இருந்திருந்தால், இந்த அம்மாள் இங்கே நின்று அழக்கூட முடியாது!"

"அதானே!" என்றார் அரசர். "தின்றவள் மேல்தான் குற்றம். நீ என்ன சொல்கிறாய் இடும்பா?"

இடும்பன் அண்டப்பர் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குரலில் பணிவு சொட்டியது.

"ஐயா, உங்க பூசையால அழிவு நின்னே போச்சா, இல்ல தள்ளித்தான் போயிருக்கா?"

நின்றுபோனது என்றால் நாளைக்குத் தன்னை யார் தேடி வருவார்கள்? அண்டப்பர் சுதாரித்துக்கொண்டார். "தள்ளித்தான் போயிருக்கிறது. மார்கழி அமாவாசை. இந்த முறை பிரம்மாவே வந்தாலும் தடுக்க முடியாது."

"உறுதியாகவா?"

"என் தலைமேல் சத்தியம்!"

"அடடா. அப்படீன்னா தை மாச அறுவடையை யாரும் பார்க்கப் போறதில்ல?"

"புல் பூண்டுகூட மிஞ்சாது."

இடும்பன் அரசர் பக்கம் திரும்பினான். "மகாராஜா, வரும் வழியில் பார்த்தேன். நாடு முழுக்க வயல் காய்ந்து கிடக்கிறது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் நாற்று சாண் உயரம் பச்சைப்பசேலென்று நிற்கிறது. நம் சோதிடர் வீட்டுக் கொல்லையில்தான். அந்த உயரத்தைப் பார்த்தால் ஆவணியிலேயே, அமாவாசைக்கு முன்னாலேயே பாவியிருக்கிறார். பாவம், மார்கழியில் முழுகப் போகிறவருக்கு அது எதற்கு? பறித்துப் பேச்சியிடம் கொடுத்துவிடலாமா?"

அண்டப்பர் துள்ளி எழுந்தார். "ஐயையோ, என் நாற்று! அதைக் கொடுத்துவிட்டால் தை மாசம் நான் எதைச் சாப்பிடுவேன்?"

அவையில் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! அரசருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. அண்டப்பர் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். என்ன பயன்? சொல் வெளியே வந்துவிட்டது.

"குற்றவாளி அகப்பட்டான்!" என்று தொடையைத் தட்டினார் அரசர். "பாதிக் குற்றவாளிதான் மகாராஜா" என்றான் இடும்பன். "பேச்சி, சோதிடர் இதுக்கு முன்னால இப்படிச் சொன்னதே இல்லையா?"

"ஏன் இல்ல? போன வருசமும் சொன்னாரு, அதுக்கு முந்தின வருசமும் சொன்னாரு. நாங்க பாட்டுக்கு விதைச்சோம்."

"இந்தத் தடவை மட்டும் ஏன் நம்பினே?"

பேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தடவை அரமணைத் தண்டோரா வந்துச்சே சாமி. மகாராசா சும்மா சொல்லுவாரா?"

அரசரின் சிரிப்பு அப்படியே நின்றது.

இடும்பன் குரலைத் தாழ்த்தினான். "அமாவாசையன்று அரண்மனைக் களஞ்சியத்தில் பூட்டுத் தொங்கியதாம், மகாராஜா. வாசலில் காவல்கூட இரட்டிப்பாம். முழுகப் போகிற நெல்லை யார் திருடப் போகிறார்கள்?"

அவையில் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இடும்பனின் தலை தப்புமா என்றுதான் கவலை. குமரவீரர் தம் நெற்றியில் தாமே அறைந்துகொண்டு சிரிக்க ஆரம்பித்தார். இந்தச் சிரிப்பில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

"களஞ்சியத்தைத் திறங்கள். வீட்டுக்கு வீடு விதைநெல் போகட்டும். அண்டப்பரின் நாற்று பேச்சிக்கு. உழவுக்கு என் தொழுவத்திலிருந்து மாடு ஓட்டிப் போ, அம்மா. அதே தண்டோராக்காரன் அதே தெருக்களில் போய், தவறு அரசனுடையது என்று சொல்லட்டும். இடும்பா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"ஒரே ஒரு சட்டம் போதும் மகாராஜா. இனி உலகம் அழியும் என்று சொல்ல வருகிற சோதிடர், முதலில் தம் விதைநெல்லை ஊருக்குப் பங்கு வைக்க வேண்டும். அதற்குத் தண்டோரா போட நினைக்கிற அரசர், முதலில் களஞ்சியத்தைத் திறந்துவிட வேண்டும்."

அரசர் அந்தக் கணமே முத்திரை வைத்தார்.

அன்றிலிருந்து ஆலங்கரையில் உலகம் ஒரு தடவைகூட அழியவில்லை.