பின்னாடி மட்டும் மாத்து!

போடிமெட்டு ஏலத்தோட்ட முதலாளி விருத்தகிரியின் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது. நாலு சக்கரமும் இழுக்கும் அவருடைய பிக்கப் வண்டி மேட்டில் திணறியது.

"பின் சக்கர ஆக்சிலுக்கு மட்டும் மெதுவா ஓடி, பலமா இழுக்கிற கியரை மாத்து. முன்னாடி தொட்டே, உனக்கு வேலை கிடையாது!" என்றார் மெக்கானிக் செல்லக்கண்ணுவிடம்.

"சரிங்க முதலாளி. முன் சக்கரம் ஓடுற வேகத்துக்கு உங்க கம்பீர நடையையே அளவா வச்சுக்கிறேன்."

பூரித்துப்போனார் முதலாளி. செல்லக்கண்ணு அவர் இடுப்பையும், பின்னால் நின்ற டிரைவர் பவுன்ராசு இடுப்பையும் ஒரே துண்டால் பிணைத்தான்.

"முதலாளி, விரசா நடங்க. பவுன்ராசண்ணே, நீங்க மெதுவா வாங்க."

இரண்டே எட்டு. முதலாளி சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அடேய், பின்னாடி பிடிச்சு இழுக்கிறாண்டா!"

"முன் சக்கரம் விரசா, பின் சக்கரம் மெதுவான்னா வண்டிக்கும் இதே கதிதான்; ஆனா அதுக்கு வாயில்லை முதலாளி. அது உடைஞ்சுதான் சொல்லும்."

முதலாளிக்கே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பாவம்டா அந்த வண்டி! ரெண்டையும் மாத்து. முதல்ல இந்தத் துண்டை அவிழ்!"