லாயத்துப் பள்ளியில் படித்தவர் எல்லாம் அரசர்

முன்னொரு காலத்தில், படித்தவர்கள் பல்லக்கின் மேலும் படிக்காதவர்கள் பல்லக்கின் கீழும் இருந்த ஒரு நாட்டில், மன்னருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது. இனிமேல் ஊராளும் உத்தியோகமெல்லாம் ஆட்சிக்கலை படித்தவர்களுக்கு மட்டுமே, யார் வீட்டுப் பிள்ளையும் படிக்கலாம் என்று முரசறையச் சொன்னார். யார் வீட்டுப் பிள்ளையும் படிக்கலாமாம். எவ்வளவு பெரிய மனசு. படிக்கப் பணம் யார் கொடுப்பது என்பதை மட்டும் முரசில் சேர்க்க மறந்துவிட்டார்.

ஆட்சிக்கலை சொல்லித்தர அந்த நாட்டில் இரண்டே இடங்கள் இருந்தன. ஒன்று, பளிங்குத் தூண் வைத்த ராஜநீதிக் கலாசாலை. அதன் தலைவர் பண்டிதர் வித்தியாபூஷணர், தலைமை அமைச்சரான பிரதானியின் மைத்துனர். அங்கே சேர வேண்டுமானால் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடும் நன்செய் நிலத்தின் விலையைக் கட்டணமாக வைக்க வேண்டும். இன்னொன்று, குளக்கரையில் ஓர் ஓலைக்கொட்டகை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கணக்கர் ஒருவர் நடத்தினார். கட்டணம் ஒரு மூட்டை நெல். இரண்டு இடத்திலும் அதே சுவடிகள், அதே பாடம். ஆனால் கலாசாலை வாசலில் மட்டும் பொன்னெழுத்தில் ஒரு வாசகம் பளபளத்தது: 'இங்கே படித்தவர் நூற்றுக்கு நூறு பேரும் உத்தியோகத்தில்.'

பல்லக்குத் தூக்கும் சடையனின் மகள் நாச்சி இரண்டு இடத்திலும் தேர்வாகியிருந்தாள். அவர்கள் வம்சத்திலேயே எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் அவள்தான். சடையன் தனக்கிருந்த ஒரே வயலை விற்றுக் கலாசாலையில் சேர்த்துவிடுவதென்று தீர்மானித்துவிட்டான். நாச்சிக்கு அதில் மனசு ஒப்பவில்லை. அரசவை விகடக்காரி காத்தாயியைத் தேடி வந்தாள். காத்தாயியும் பல்லக்குத் தெருவில் பிறந்தவள்தான்.

"அக்கா, வயல வித்தா திரும்பி வராது. படிச்சா வேலை வரும்னு செவுத்துல எழுதியிருக்கு. செவுத்த நம்பலாமா?"

"செவுத்துக்கு என்னடி, யார் எழுதினாலும் சும்மா நிக்கும்" என்றாள் காத்தாயி. "எழுதினவனக் கேப்போம்."

மறுநாள் அவையில், வயலை விற்றுப் படித்தால் வேலை நிச்சயமா என்று பண்டிதரைக் கேட்டாள். பண்டிதர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கட்டணம் என்று நினைப்பவருக்குத்தான் அது பாரம், முதலீடு என்று நினைப்பவருக்குப் பாக்கியம் என்றார். வயல் சேற்றில் கால் வைத்திராத மனிதர், அடுத்தவர் வயலைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினார் பாருங்கள். காத்தாயியின் வாயை அடைக்க வெகுநாளாகக் காத்திருந்த பிரதானி, இதுதான் சமயமென்று எழுந்தார். கலாசாலையைச் சந்தேகிப்பவள், எங்கே படித்தால் என்ன ஆவார்கள் என்பதைத் தானே நிரூபிக்கட்டுமே என்றார். மன்னருக்கு அது வேடிக்கையாகப் பட்டது.

"காத்தாயி, படித்து முடித்தவர் என்ன ஆவார் என்பதைப் படிக்கச் சேருமுன்பே எம் கண்ணுக்குக் காட்டு. அமாவாசைக்குள் காட்டாவிட்டால் உன் இடம் இந்த அவையில் இல்லை."

நடக்காததை நடக்குமுன் காட்ட வேண்டுமாம். சடையனும் அந்த அமாவாசைக்குள்தான் வயலை எழுதிக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருந்தான். காத்தாயி தலையாட்டிவிட்டு வந்து, அரண்மனைக் குதிரை லாயத்தில் ஒரு பலகையை மாட்டினாள். 'லாயத்துப் பள்ளி. ஆட்சிக்கலை கற்பிக்கப்படும்.'

தன் குதிரையைப் பார்க்க அன்றாடம் அங்கே வரும் இளவரசர் பலகையைப் பார்த்து, நானும் சேரலாமா என்று கேட்டார். காத்தாயி உடனே சேர்த்துக்கொண்டாள். ஒரே பாடம்தான். பிரதானி ஏறியிருந்த பல்லக்கின் ஒரு முனையைச் சடையனோடு சேர்ந்து கடைத்தெரு முடியும்வரை தூக்கிப்போக வேண்டும். தலைப்பாகையைக் கழற்றியிருந்த இளவரசரைத் திரைக்குள் இருந்த பிரதானிக்கு அடையாளம் தெரியவில்லை. மெதுவாகப் போடா என்று ஒரு தடவை அதட்டவும் செய்தார். இளவரசர் தோள் கன்றித் திரும்பி வந்து, இவருக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் நடக்கக்கூடாது என்று கேட்டார். நீங்கள் தேறிவிட்டீர்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தாள் காத்தாயி.

பிறகு தெருத்தெருவாகத் தண்டோரா போட வைத்தாள். 'லாயத்துப் பள்ளியில் படித்தவர் நூற்றுக்கு நூறு பேரும் அரசராவார்கள். கட்டணம் கலாசாலையைப் போல இரண்டு மடங்கு.'

பெரிய வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு லாயத்தின் முன் வரிசையில் நின்றார்கள். சாண நாற்றம் அடித்தது, தூண் இல்லை, ஆசிரியர் யாரென்றும் தெரியாது. கட்டணம் அதிகம், பலன் அதைவிட அதிகம், அவர்களுக்கு அது போதும். எல்லாருக்கும் முன்னால் தன் மகனைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து நின்றவர் பிரதானி. இடம் வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று ஒரு காசு வாங்காமல் எல்லாரையும் திருப்பி அனுப்பினாள் காத்தாயி.

அமாவாசையன்று அவை கூடியது. சடையனும் நாச்சியும் கதவோரம் நின்றார்கள். பண்டிதர் பொங்கி எழுந்தார். கண்டவனையெல்லாம் அரசனாக்குவேன் என்று விளம்பரம் செய்வது ராஜத்துரோகம், இவளைக் கழுவில் ஏற்ற வேண்டும் என்றார். மன்னரின் முகம் சிவந்தது.

"உண்மையா காத்தாயி?"

"உண்மைதான், மகாராஜா. என் பள்ளியில் இதுவரை படித்தவர் ஒரே ஒருவர். தங்கள் திருக்குமாரர். அவர் அரசராவாரா, மாட்டாரா? பண்டிதர் மாட்டார் என்று சொல்லட்டும், பலகையைக் கழற்றிவிடுகிறேன்."

பண்டிதர் வாயைத் திறந்தார். மாட்டார் என்றால் தலை போகும், ஆவார் என்றால் வழக்குப் போகும் என்று தெரிந்து மூடிக்கொண்டார்.

"துரோகம் என்றால், தன் மகனுக்கு அந்த அரச பதவி வேண்டுமென்று வரிசையில் முதலாவதாக வந்து நின்றவரையும் விசாரிக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் காத்தாயி பிரதானியைப் பார்த்தாள். பிரதானி ஆசனத்துக்குள் புதைந்துபோனார்.

மன்னருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காத்தாயி சிரிக்கவில்லை.

"சிரிப்பைச் சற்றே வைத்திருங்கள், மகாராஜா. கலாசாலையில் படித்துவிட்டு இந்த அவையில் பணி செய்கிறவர்கள் எல்லாரும் எழுந்து நிற்க ஆணையிடுங்கள்."

ஆணை பிறந்தது. முக்கால்வாசி அவை எழுந்து நின்றது. பண்டிதரின் மார்பு நிமிர்ந்தது.

"யாருக்கு அப்பாவோ மாமனாரோ இதே அவையில் இருக்கிறாரோ, இருந்தாரோ, அவர்கள் உட்காரலாம்."

ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். பட்டுவேட்டிகளின் சரசரப்பு அடங்கியபோது, பிரதானியின் ஆசனத்துக்குப் பின்னால் ஒரே ஒருவன் நின்றுகொண்டிருந்தான். பிரதானி வெற்றிலை துப்பும் எச்சில் படிக்கத்தைக் கையில் ஏந்தியிருந்தான்.

"பேர் சொல்லுப்பா" என்றாள் காத்தாயி.

"வேலாண்டிங்க."

"கலாசாலையில் எப்படித் தேறினாய்?"

"முதலாவதாங்க."

"கட்டணம்?"

வேலாண்டி படிக்கத்தைப் பார்த்தபடியே சொன்னான். "அப்பாவோட வயலுங்க. இப்ப அப்பா அதே வயல்ல கூலிக்கு நாத்து நடுறாருங்க."

"பண்டிதரே, இவரும் உங்கள் நூறில் ஒருவர்தானே?"

"அரண்மனைப் பணிதானே" என்று முனகினார் பண்டிதர்.

கதவோரத்தில் சடையன் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

மன்னர் காத்தாயியின் பக்கம் திரும்பினார். "அப்படியானால் நாச்சி எங்கேதான் படிக்க வேண்டும்?"

"குளக்கரையில், மகாராஜா. பாடம் அதே பாடம். ஆசனம் இரண்டு இடத்திலும் கிடையாது. இல்லாத ஆசனத்துக்கு வயலைக் கொடுப்பானேன்?"

"ஆசனம் ஏன் இல்லை?"

"அதில்தான் சற்றுமுன் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்களே."

மன்னர் உட்கார்ந்திருந்த அவையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். உத்தியோகம் வேண்டுபவர் எல்லாரும், எங்கே படித்தவராயினும், ஒரே பந்தலில் பரீட்சை எழுத வேண்டும், ஏட்டில் தகப்பன் பெயர் இருக்கக்கூடாது என்று ஆணையிட்டார். வேலாண்டிதான் முதலில் எழுத வேண்டும் என்றார். அன்றுமுதல் அவரவர் படிக்கத்தை அவரவரே தூக்க வேண்டும் என்றும் சொன்னார். பிரதானி எச்சில் வழியும் படிக்கத்தோடு, மன்னர் பல்லக்கையும் மறுத்துவிட்டதால், கடைத்தெரு வழியே நடந்து போனதை மாடத்திலிருந்து பார்த்த இளவரசர், கால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். மன்னர் கிரீடம் சரியச் சரியச் சிரித்தார். காத்தாயி, வேண்டியதைக் கேள் என்றார்.

காத்தாயி பொன் கேட்கவில்லை. கட்டணமாகப் பண்டிதர் கைக்குப் போயிருந்த வேலாண்டி வீட்டு வயலைக் கேட்டாள். மன்னர் அன்றே அதை மீட்டுக் கொடுத்தார். சடையன் தன் வயலை விற்கவில்லை. நாச்சி ஒரு மூட்டை நெல்லைத் தலையில் சுமந்துகொண்டு குளக்கரைக்கு நடந்தாள்.

மன்னர் சிரித்தார், அவை சிரித்தது, ஊரே சிரித்தது என்று கதையை முடிப்பது வழக்கம். சிரிக்கட்டும். வேலாண்டி மட்டும் சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.