நேராக நடந்த நண்டின் வழக்கு

காட்டுக் குளத்தங்கரையில் சேற்றப்பன் என்ற நண்டு தன் குஞ்சுகளோடு வாழ்ந்து வந்தது. ஒரு நாள் காலை அது இரை தேடி வண்டிப் பாதையைக் கடந்தபோது, காட்டுப்பன்றியின் கிழங்கு வேன் கண்மண் தெரியாத வேகத்தில் வந்து மோதியது. நண்டின் பெரிய கொடுக்கு ஒடிந்து போயிற்று.

"ஹாரன் அடிச்சேனே, கேக்கலையா?" என்று பன்றி வேனுக்குள் இருந்தபடியே எகிறியது. "நீ ஒரு பக்கம் பாக்குற, இன்னொரு பக்கம் போற! எனக்கு எப்படித் தெரியும்?"

சேற்றப்பனுக்கு அழுகை முட்டியது. மழை எந்த நேரமும் பிடித்துக்கொள்ளலாம். இடிந்து கிடக்கும் வளையைத் தோண்டியாக வேண்டும். கொடுக்கு இல்லாமல் எதை வைத்துத் தோண்டுவது? வெள்ளம் வந்தால் ஏழு குஞ்சுகளும் அதோடு போய்விடும்.

செய்தி கேட்டு வக்கீல் நரி ஓடி வந்தது. விபத்து என்றால் அதற்குத் திருவிழா.

"நஷ்டஈடு வாங்கித் தர நானாச்சு!" என்றது நரி. "நீ பக்கவாட்டுல நடந்ததுதான் தப்புன்னு பன்றி சொல்லும். அதனால, விபத்துக்கு முன்னாடி நேராத்தான் நடந்தேன், வேன் இடிச்சுத்தான் இப்படி ஆயிட்டேன்னு சொல்லிடு!"

"அப்போ என் கொடுக்கு?"

"அது சின்ன விஷயம். இலையைச் சுத்தி மறைச்சுடு. நடையே போச்சுன்னாத்தான் பெருசா கிடைக்கும்!"

சேற்றப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் கறுப்புக் கோட்டு போட்டவர் சொல்கிறாரே என்று தலையாட்டியது. நண்டுக்குத் தலை ஏது? கண்ணை ஆட்டியது.

மறுநாள் கரடி நீதிபதி முன் வழக்கு வந்தது.

"ஐயா, என் கட்சிக்காரர் அம்பு மாதிரி நேரா நடந்தவர்!" என்று நரி முழங்கியது. "இப்போ பாருங்க!"

நண்டு வலப்பக்கமாக நாலடி நடந்து காட்டியது. "ஐயோ பாவம்!" என்றது சபை. அந்த நேரம் பார்த்துப் பசி தாங்காத ஏழு குஞ்சுகளும் "அப்பா!" என்று கத்திக்கொண்டு வந்தன. ஏழும் பக்கவாட்டில் வந்தன.

கரடி மூக்குக் கண்ணாடியை இறக்கியது. "இவங்களையும் வேன் இடிச்சுதா?"

"பரம்பரை பாதிப்புங்க ஐயா!" என்றது நரி, கொஞ்சமும் கூசாமல்.

"நேத்து நடந்த விபத்துக்கா?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. "எல்லாமே பொய்! நான் இடிக்கவே இல்லை!" என்று பன்றி குதித்தது. கரடி வழக்கைத் தள்ளுபடி செய்யப் பேனாவை எடுத்தது. வெளியே இடி முழங்கியது.

"ஐயா, நாங்க பொறந்ததுலேருந்தே இப்படித்தான் நடக்கிறோம்! நடை பொய். ஆனா இது நிஜம்!" என்று சேற்றப்பன் கொடுக்கை மறைத்த இலையைப் பிய்த்து எறிந்தது.

கரடி எழுந்து போய் வேனைப் பார்த்தது. முன் சக்கரத்தில் ஒடிந்த கொடுக்குத் துண்டு இன்னும் குத்திக்கொண்டு நின்றது.

"இதை முதல்லயே காட்டியிருக்கக் கூடாதா?" என்று நண்டைக் கடிந்துகொண்டது கரடி. பிறகு பன்றியின் பக்கம் திரும்பியது. "பாதையில யார் எப்படி நடந்தாலும், பாத்து ஓட்ட வேண்டியது உன் பொறுப்பு. புதுக் கொடுக்கு முளைக்கிற வரைக்கும் இவங்களுக்கு நீதான் இரை கொண்டுவரணும். வளையை இப்பவே தோண்டு!"

நரி ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்றும் தீர்ப்பாயிற்று. பாவம், ஊளையிடக்கூட வழியில்லாமல் தவித்தது.

பன்றி மூக்கால் தோண்டோ தோண்டென்று தோண்டியது. முதல் துளி விழுவதற்குள் யானையே படுத்துப் புரளும் அளவுக்கு ஒரு வளை தயாராகிவிட்டது! ஏழு குஞ்சுகளும் பத்திரமாக உள்ளே போனதைப் பார்த்து, சேற்றப்பன் சந்தோஷத்தில் அழுதே விட்டது.

பட்ட அடியை உள்ளபடி சொன்னால் உரிய ஈடு கிடைக்கும். படாத அடியையும் சேர்த்துச் சொன்னால், பட்டதும் பொய்யாகிப் போகும்.