செந்நாய்க்கு வைத்த மருந்து

கல்லாம்பாறை மடத்தில் குரு சின்னவர், சீடர் பெரியவர். குரு ஞானத்தம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. சீடர் சென்னியப்பனுக்கு அறுபத்தொன்று. கோபிப் பக்கம் முப்பது வருஷம் உரக்கடை நடத்தி, சம்சாரம் போன பிறகு கடையை மூடிவிட்டு மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவர்.

வந்த நாளிலிருந்து மனுஷனுக்கு ஒரே ஆசை, அம்மாவிடம் நல்ல பெயர் எடுத்துவிட வேண்டும். பேரன் எடுத்த வயசில் இது என்ன ஆசையோ! தினமும் ஆயிரத்தெட்டு உரு ஜபம். முடிகிறவரை கண்ணைத் திறப்பதில்லை என்று ஒரு சங்கல்பம் வேறு. யாரும் கேட்கவில்லை, அவராகவே எடுத்துக்கொண்டது. மடத்து மாடுகளைக் காட்டு ஓடையோரம் மேயவிட்டு, பாறைமேல் உட்கார்ந்து ருத்திராட்சத்தை உருட்டுவார்.

ஒரு நாள் மாடுகள் திரும்பின, கன்று திரும்பவில்லை.

"செந்நாய்க் கூட்டம் அடிச்சுப் போட்டுருச்சுங்கம்மா."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"பக்கத்துலதானுங்க. பாறை மேல."

அம்மா அதோடு விட்டுவிட்டார். சென்னியப்பனால் விட முடியவில்லை. அந்தக் கேள்வி உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் வாழைக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்து பாட்டிலை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போனார். கன்றில் பாதி மிச்சம் கிடந்தது. அதன் மேல் கடைசிச் சொட்டு வரை ஊற்றிவிட்டு வந்து, குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டார்.

மூன்றாம் நாள் ஜடையன் வந்தான். மேலே மலைவாசிகள் குடியிருக்கும் பதியைச் சேர்ந்தவன், காட்டிலாகாவில் தினக்கூலி வாட்சர். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, செந்நாய் எல்லாம் செத்துக் கெடக்குது. ஆபீஸ்ல தகவல் சொல்லிட்டேன். வந்து பாருங்க."

அம்மா கிளம்பினார். சென்னியப்பனும் கூடப் போக வேண்டியதாயிற்று. போகாமல் இருந்தால் சந்தேகம் வருமே!

ஓடையோரம் இரண்டு. செம்மண் நிற உடம்பு, கறுத்த வால், வாயெல்லாம் நுரை. சரிவு ஏறுகிற வழியில் இன்னும் நான்கு. மேலே ஒரு பாறைப் பொடை, செந்நாய் குட்டி போட்டு வளர்க்கும் குகை. அதன் வாசலில் ஒரு பெரிய நாய் தலையை உள்ளே நீட்டியபடி செத்திருந்தது. பொடைக்குள் ஆறு குட்டிகள். ஒன்றுகூட அசையவில்லை.

சென்னியப்பன் கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டே விட்டார்.

"குட்டிங்க பொடையை விட்டே வரலையே ஜடையா. அதுங்க எப்படி?"

"வேட்டைக்குப் போனது வயித்துல கறியைக் கொண்டாந்து குட்டிகளுக்குக் கக்கிக் குடுக்கும் சாமி. காவலுக்கு நின்னதுக்கும் அப்படித்தான் குடுக்கும். வயிறு எரிஞ்சிருக்கும், அப்பவும் வந்து குடுத்திருக்குது பாருங்க." ஜடையன் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இந்த மலையில இருந்ததே ரெண்டு கூட்டம். இனி ஒண்ணுதான்."

அம்மா குட்டிகளின் அருகே வெகுநேரம் குந்தியிருந்தார். சென்னியப்பன் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அன்று மடத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று ஒரு பொய்யும் சொன்னார்.

அடுத்த நாள் காலையில் ரேஞ்ச் ஆபீஸ் ஜீப் வந்து நின்றது. பின்னால் ஜடையன் உட்கார்ந்திருந்தான். போன மாதம் அவனுடைய ஆட்டைச் செந்நாய் தூக்கியபோது, "இதுகளை ஒழிச்சாத்தான் நான் பொழைக்க முடியும்" என்று ஆபீஸில் போய்க் கத்தியிருக்கிறான். பொடை இருந்த இடமும் அவனுக்குத்தான் தெரியும். வேறென்ன வேண்டும்? பிடித்துக்கொண்டார்கள்.

ஜீப் கிளம்பும்போது ஜடையன் எட்டிப் பார்த்து, "சாமி, பட்டியில ஆடுக கெடக்குது. உங்களைத்தான் நம்பிப் போறேன், கொஞ்சம் தண்ணி காட்டிருங்க" என்றான்.

சென்னியப்பன் தலையாட்டினார். பதிக்கு ஏறிப் போய்த் தண்ணீர் காட்டினார். பட்டிக் கதவைச் சாத்தும்போது, செத்துவிடலாம் போல அவமானமாக இருந்தது. இறங்கி நேராக மடத்துக்கு வந்தார். அவர் அள்ளாமல் போன சாணியை அம்மா அள்ளிக்கொண்டிருந்தார்.

"அம்மா, தெரியாமச் செஞ்ச பாவம் எப்படிங்க கழியும்?"

"தெரியாமச் செஞ்சதுங்களா?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். "இல்லைங்க. தெரிஞ்சு செஞ்சது. மருந்து வெச்சது நாந்தானுங்க."

அம்மா கூடையைக் கீழே வைத்தார்.

"கன்னு போன கோவமுங்களா?"

"ஆமாங்க." உடனே தலையை ஆட்டினார். "இல்லைங்கம்மா. கன்னு கத்துனது என் காதுல விழுந்துச்சு. ரெண்டு தடவை கத்துச்சு. இன்னும் பதினாலு உருதான் பாக்கி. சங்கல்பம் கெட்டுப் போயிருமேன்னு முடிச்சுட்டுத்தான் கண்ணைத் தொறந்தேன். செந்நாய் ஆளைக் கண்டா ஒதுங்கற சாதி. எந்திரிச்சு ஒரு சத்தம் போட்டிருந்தாப் போதுமுங்க. அந்த வெக்கத்தை என்ன பண்றதுன்னு தெரியாம அதுக மேல கொண்டு போய் ஊத்திட்டேன்."

"ஆயிரத்தெட்டும் முழுசா ஆச்சுங்களா?"

"ஆச்சுங்க."

அம்மா நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. அறுபத்தொரு வயசு ஆள் குழந்தை மாதிரி விசும்பினார்.

"ஏதாவது பிராயச்சித்தம் சொல்லுங்கம்மா. நாப்பத்தெட்டு நாள் பச்சைத் தண்ணியோட இருக்கறேன். காசிக்கு நடந்து போகச் சொன்னாலும் போறேன்."

"காசி ரொம்ப தூரமுங்க. ரேஞ்ச் ஆபீஸ் ஒன்பது மைலு."

சென்னியப்பனின் அழுகை சட்டென்று நின்றது.

"அங்க போய்ச் சொன்னா ஜெயிலுங்கம்மா."

"ஆமாங்க."

"மடத்துக்குக் கெட்ட பேரு வந்துருமுங்களே. நாளைக்கு உங்களை நாலு பேரு..."

அம்மா தொட்டியில் கை கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். திரும்பி வரும்போது அவர் கையில் சென்னியப்பனின் செருப்பு இருந்தது. குனிந்து, அதை அவர் காலடியில் ஜோடியாக வைத்தார்.

"ஐயையோ, அம்மா! நீங்க போய் என் செருப்பை..." சென்னியப்பன் பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"போட்டுக்குங்க ஐயா. அந்த ஆபீஸ்ல இருக்கறது ஒரே ஒரு பெஞ்சு. நீங்க போய் உக்காந்தாத்தான் ஜடையன் எந்திரிக்க முடியும்."